பல் பிடித்துப் பார்க்கத் தரகரையே கூப்பிடுவதா?

போன வாரம் நியூ ஜெர்சி எடிசனில் ஒரு நண்பர் வீட்டுக் கொலு. சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார்: "ஆஃபர் அக்செப்ட் ஆயிடுச்சுங்க, ஹோம் இன்ஸ்பெக்டரையும் ஏஜென்ட்டே ஏற்பாடு பண்ணித் தரேன்னுட்டார், நமக்கு அந்த அலைச்சலும் மிச்சம்." என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். ஹோம் இன்ஸ்பெக்டர் என்றால், வாங்குமுன் வீட்டில் என்ன குறை என்று நமக்காகச் சோதித்துச் சொல்கிறவர். அப்புறம் அரை மணி நேரம் அந்த மனிதர் எழுந்து போக முடியவில்லை, பாவம். அவரிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன், அடுத்த முறை லிங்க்கை அனுப்பிவிட்டு நான் சுண்டலைச் சாப்பிடலாம்.

முதலில் என் கதை. 2014-ல் நாங்கள் முதல் வீடு வாங்கியபோது எனக்கும் ஏஜென்ட்தான் இன்ஸ்பெக்டரைக் கொண்டுவந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம், குழந்தைக்கு மிட்டாய்கூடக் கொடுத்தார். ஒன்றேகால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. 400 டாலர். மறுநாள் வந்த அறிக்கையில் கைப்பிடி தளர்ந்திருக்கிறது, ஒரு ஜன்னலுக்கு வலை இல்லை, சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று பொடிப்பொடியாக ஏழெட்டு விஷயம். பரவாயில்லையே, வீடு கல்லு மாதிரி இருக்கிறது என்று நாங்களும் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டோம். முதல் பனிக்காலத்தில் மாடி அறைக் கூரையில் காபிக் கறை மாதிரி ஒன்று வந்தது. ஆட்டிக்கில் (கூரைக்கு அடியில் இருக்கும் பரண்) ஏறிப் பார்த்தால் கூரைப் பலகையின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாயை வெளியே விடாமல் ஆட்டிக்கிற்குள்ளேயே விட்டிருக்கிறார்கள், வருஷக்கணக்கில் வெந்நீர் ஆவி முழுக்க அங்கேயே போய்ப் படிந்திருக்கிறது. அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆட்டிக் என்ற தலைப்பின் கீழே ஒரே வரி: "பொருட்கள் இருந்ததால் உள்ளே செல்ல இயலவில்லை." அந்தப் பொருட்கள் என்னவென்றால் கிறிஸ்துமஸ் மர டப்பாக்கள் இரண்டு. நகர்த்தியிருக்கலாம்.

சரிசெய்ய ஆறாயிரம் டாலருக்குமேல் போனது. இன்ஸ்பெக்டரிடம் கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்ட ஒரு வரியைக் காட்டினார்: அவர் பக்கம் தவறே இருந்தாலும் அதிகபட்சம் அவர் வாங்கிய கட்டணம்தான் திரும்பக் கிடைக்குமாம். நானும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ஒன்பது வருஷம் கழித்து இரண்டாவது வீடு தேடும்போதுதான் எங்கள் அட்டர்னி போகிறபோக்கில் ஒன்று சொன்னார். இந்த மாதிரி வரம்பு போடும் ஷரத்து ஒன்றை 2004-லேயே நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டதாம். அந்த வழக்கில் இன்ஸ்பெக்‌ஷன் கட்டணம் 385 டாலர், ஒப்பந்தப்படி பொறுப்பு அதில் பாதி, அதாவது 192 டாலர் 50 சென்ட்! வீடு வாங்குகிறவர் இன்ஸ்பெக்டரை அமர்த்துவதே அவருடைய நிபுணத்துவத்தை நம்பித்தான், அதற்கான பொறுப்பை இப்படி ஒன்றுமில்லாமல் ஆக்கினால் அப்புறம் எதற்கு அவர் என்பதுதான் தீர்ப்பின் சாரம். எனக்கு வயிறு எரிந்தது. அதற்குள் ரொம்ப வருஷம் ஓடிவிட்டது.

அந்த ஆட்டிக் விவகாரம் நடந்த சமயம் அப்பாவிடம் போனில் புலம்பினேன். எங்கள் ஊர் மணப்பாறைப் பக்கம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏந்தம்பி, மாடு வாங்கப் போறவன் பல்லைப் பிடிச்சுப் பாக்கத் தரகனையே கூப்பிடுவானா?" என்றார்.

சந்தையில் தரகருக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியும். துண்டைக் கைமேல் போட்டு விரலைப் பிடித்து விலை பேசுவது, இரண்டு பக்கமும் இழுத்து ஒரு இடத்தில் நிறுத்துவது. அதில் கெட்டிக்காரர்கள், குறையே சொல்ல முடியாது. ஆனால் மாடு கை மாறினால்தான் அவருக்குக் காசு. அதனால் அப்பா மாடு பிடிக்கப் போகும்போதெல்லாம் ஊரிலிருந்தே சின்னையா ஒருவரைக் கூட்டிப் போவார். அவர் வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பின்னங்காலைப் பார்ப்பார், கொம்பைச் சீவி எண்ணெய் தடவி வயசைக் குறைத்திருக்கிறார்களா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பார். மாடு வாங்கினாலும் அவருக்கு டீயும் பரோட்டாவும், வாங்காவிட்டாலும் அதே டீயும் பரோட்டாவும். அவ்வளவுதான் விஷயம். லைசென்ஸ், அனுபவம், கருவி எல்லாம் அப்புறம். வியாபாரம் முடிந்தாலும் முறிந்தாலும் இவருக்கு வரும் காசு ஒன்றுதானா? அடுத்த வேலையும் அதே ஏஜென்ட்டிடமிருந்துதான் வரவேண்டும் என்றால் ஒன்றில்லை. ஏஜென்ட் கெட்டவர் என்று சொல்லவில்லை, எங்கள் ஏஜென்ட் தங்கமானவர், இப்போதும் தீபாவளிக்கு வருவார். ஆனால் மாதம் நாலு வேலை தருகிறவரின் வியாபாரத்தைத் திரும்பத் திரும்பக் கெடுக்க எந்த இன்ஸ்பெக்டருக்கும் மனசு வராது. கறாராகப் பார்க்கும் இன்ஸ்பெக்டர்களுக்கு இங்கே ஏஜென்ட்கள் மத்தியில் ஒரு பட்டப்பெயரே உண்டு, "டீல் கில்லர்". மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விற்பவர் தரப்பு ஏஜென்ட் குறிப்பிட்ட இன்ஸ்பெக்டரைப் பரிந்துரைக்கவே கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் லைசென்ஸ் இல்லாமல் ஹோம் இன்ஸ்பெக்டர் என்று தொழில் செய்ய முடியாது. 180 மணி நேரப் படிப்பு, அதில் 40 மணி நேரம் லைசென்ஸ் உள்ளவர் முன்னிலையில் நேரடியாக வீடு பார்ப்பது, அப்புறம் தேசிய அளவிலான ஒரு தேர்வு. தொழில்முறைத் தவறுகளுக்கான காப்பீடும் கட்டாயம். மாநில அரசின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா, ஏதாவது நடவடிக்கை எடுத்திருக்கிறார்களா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் இந்தத் தொழிலுக்கு லைசென்ஸே கிடையாது, நாளைக்கே நீங்களும் நானும் டார்ச் வாங்கிக்கொண்டு கிளம்பலாம். பக்கத்தில் பென்சில்வேனியாவில் மாநில லைசென்ஸ் இல்லை, தேசிய சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருக்கவேண்டும் என்று மட்டும் சட்டம். டெக்சாஸில் ரியல் எஸ்டேட் கமிஷனே லைசென்ஸ் கொடுக்கிறது, அறிக்கைக்கான படிவமும் அவர்கள் வகுத்ததுதான். அதனால் டல்லாஸ் மச்சான் சொன்னதை வைத்து சான் ஹோசேயில் முடிவு எடுக்காதீர்கள். ஆஷி, இன்டர்நாச்சி என்று விசிட்டிங் கார்டில் முத்திரைகள் இருக்கும். இவை இன்ஸ்பெக்டர்களின் சங்கங்கள், லைசென்ஸ் அல்ல. இருந்தால் நல்லது. ஆஷியின் நெறிமுறையில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு: தான் சோதித்த வீட்டில் சோதனைக்குட்பட்ட எதையும் ஒரு வருஷத்துக்குள் தானே காசு வாங்கிக்கொண்டு பழுதுபார்க்கக் கூடாது. சின்னையா மாட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது மாதிரி.

2023-ல் இரண்டாவது வீட்டுக்கான ஆஃபர் ஏற்கப்பட்டதும் (இங்கே ஒப்பந்தம் கையெழுத்தானபின் மூன்று வேலை நாள் அட்டர்னி ரிவ்யூ, அதில் எந்தப் பக்கத்து வக்கீலும் ரத்து செய்யலாம், அது முடிந்ததும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு எங்களுக்குக் கிடைத்தது பத்து நாள்) நான் செய்த முதல் வேலை அட்டர்னியிடம் பெயர் கேட்டது. க்ளோசிங் (வீடு கைமாறும் நாள்) நடந்தபின் வரும் சண்டைகளையெல்லாம் பார்த்தவர் அவர், யார் அறிக்கை நின்றது, யாருடையது காற்றில் பறந்தது என்று அவருக்குத் தெரியும். இரண்டு பெயர் கொடுத்தார். அலுவலகத்தில் சமீபத்தில் வீடு வாங்கிய இருவரிடம் ஒவ்வொரு பெயர். ஐந்தாவது பெயருக்கு எங்கள் ஏஜென்ட்டிடமே கேட்டேன், ஆனால் கேள்வியை மாற்றி: "நீங்கள் வீடு விற்றுக் கொடுக்கும்போது எதிர்த்தரப்பில் யார் வந்தால் உங்களுக்குத் தலைவலி?" அவர் சிரித்துவிட்டு ஒரு பெயர் சொன்னார். அது அட்டர்னி கொடுத்த இரண்டு பெயர்களுக்கு வெளியே இருந்தது.

ஐந்து பேரையும் மதிய இடைவேளையில் காரில் உட்கார்ந்து கூப்பிட்டேன். முதல் ஆள் எடுத்ததுமே விலை சொன்னார், அன்றைக்கு மட்டும் நாலு வீடு பார்ப்பதாகப் பெருமையாகவும் சொன்னார். நாலு வீடா? பத்து வீட்டுத் திருமணத்துக்குச் சமைக்கிற கான்ட்ராக்டர் மாதிரி! இரண்டாமவர், நீங்கள் கூட வர வேண்டாம், கடைசிப் பதினைந்து நிமிடம் வந்தால் போதும், சுருக்கமாகச் சொல்லிவிடுவேன் என்றார். மூன்றாமவரிடம் பழைய அறிக்கை ஒன்றைப் பெயர், முகவரி நீக்கி அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். பக்கத்துக்குப் பக்கம் "கண்காணிக்கவும்", "தகுந்த நிபுணரை அணுகவும்". எது அவசரம், எது காத்திருக்கும் என்று ஒரு இடத்திலும் இல்லை. போட்டோக்களில் அம்புக்குறிகூடக் கிடையாது. நாலாமவர் நன்றாகத்தான் பேசினார், கடைசியில் பேஸ்மென்ட்டில் ஈரம் இருந்தால் கவலைப்படாதீர்கள், என் மைத்துனன் வாட்டர்ப்ரூஃபிங் செய்கிறான் என்றார். சரிங்க, நன்றி.

ஐந்தாவது, ஏஜென்ட்டின் தலைவலி. இவரிடம் கேள்வி கேட்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை, அவர்தான் கேட்டார். வீடு எந்த வருஷம் கட்டியது? 1958. கழிவுநீர் ஊர் லைனா, செப்டிக்கா? ஊர் லைன். பேஸ்மென்ட் முடிக்கப்பட்டதா, வெறும் சுவரா? பாதி. ஹீட்டிங் என்ன? கேஸ். "எப்போதிலிருந்து கேஸ்?" எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. "சரி, பார்க்கலாம்." கட்டணம் 650, ரேடான் வாயுச் சோதனைக்கு 150, கரையான் சோதனைக்கு 90. மூன்றரை மணி நேரம் ஆகும், நீங்கள் முழு நேரமும் கூடவே இருக்கவேண்டும், பழைய ஷூ போட்டு வாருங்கள் என்றார். உதவியாளரை அனுப்புவீர்களா, நீங்களே வருவீர்களா என்று மட்டும் கேட்டேன். "என் பெயரில்தான் லைசென்ஸ் இருக்கிறது" என்றார். அவரையே அமர்த்தினேன்.

வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். இந்தத் தொழிலுக்கு வருமுன் இருபது வருஷம் வீடு கட்டும் தச்சு வேலை. வந்தவர் உள்ளே நுழையவில்லை, வீட்டை வெளியே இரண்டு சுற்று சுற்றினார், கோயில் பிரகாரம் மாதிரி. மண் எந்தப் பக்கம் சரிகிறது, கட்டர் (கூரை ஓரத்து மழைநீர்த் தகரம்) தண்ணீர் அஸ்திவாரத்தை விட்டு எவ்வளவு தள்ளி விழுகிறது என்று பார்த்தார். பேஸ்மென்ட் ஈரத்தில் பாதிக்குமேல் வெளியேதான் பிறக்கிறது என்பது அவர் கட்சி. ஏணி போட்டுக் கூரையில் ஏறினார். நாம் வீடு பார்க்கப் போகும்போது என்ன பார்க்கிறோம்? வாசல் கிழக்கா, ஸ்கூல் ரேட்டிங் பத்துக்கு எத்தனை, கிச்சனில் கிரானைட்டா குவார்ட்ஸா. என் மனைவி ஈசான மூலையில் கழிவறை இருக்கிறதா என்று காம்பஸ் ஆப்பை வைத்துப் பார்த்தாள், நான் கிண்டல் பண்ண வழியில்லை, நான் பார்த்தது டிவி எங்கே மாட்டலாம் என்று.

உள்ளே வழக்கமான சமாச்சாரங்கள்: ஒரே பிரேக்கரில் இரண்டு வயர், வாட்டர் ஹீட்டருக்கு வயது பதினாலு (சீரியல் நம்பரிலேயே தயாரித்த தேதி ஒளிந்திருக்கிறது), சிங்க் பக்கத்து பிளக்கில் ஷாக் பாதுகாப்பு இல்லை. ஆட்டிக்கிற்கு முகமூடி போட்டுக்கொண்டு ஏறினார், நானும் பின்னாலேயே ஏறினேன், எக்ஸாஸ்ட் குழாயை நானே தேடிப் பார்த்தேன், வெளியே போகிறது. சூடுகண்ட பூனை.

பேஸ்மென்ட்டில்தான் அவர் ஆட்டமே. சுவருக்கு அப்போதுதான் வெள்ளை அடித்திருந்தார்கள். கொம்புக்கு எண்ணெய்! படிக்கட்டின் கடைசிப் பலகையைக் கீழே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார், உறுதியாக இருந்தது. வீட்டைச் சூடேற்றும் ஃபர்னஸின் கால்களில் துரு இருக்கிறதா என்று மண்டியிட்டுப் பார்த்தார், இல்லை. எழுந்திருக்கப் போனவர் அப்படியே நின்றார். டார்ச்சை ஃபர்னஸுக்குப் பின்னால், தரையும் சுவரும் சேரும் மூலையில் அடித்தார். தரையிலிருந்து இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டு, சுண்டுவிரலைவிட மெல்லிசாக இரண்டு குழாய். பக்கத்தில் பக்கத்தில், முனையை இடுக்கியால் நசுக்கி மடக்கி விட்டிருந்தார்கள். அதன்மேலும் அதே வெள்ளைப் பெயின்ட். ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகச் சுரண்டினார். செம்பு பளபளத்தது.

"ஒன்று எண்ணெய் வர, ஒன்று திரும்பிப் போக" என்றார். "தொட்டி எங்கே என்பதுதான் கேள்வி."

நியூ ஜெர்சியில் வீடு வாங்குகிறவர்கள் இதை மட்டும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பழைய வீடுகள் ஏராளமானவை ஒரு காலத்தில் எண்ணெயில் சூடேறியவை. எண்ணெய்த் தொட்டியைத் தோட்டத்தில் புதைத்து வைப்பார்கள், வெறும் இரும்பு. பிற்பாடு தெருவுக்குக் கேஸ் லைன் வந்ததும் மாறிக்கொண்டார்கள், தொட்டியை எடுக்கச் செலவு என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அறுபது வருஷமாக மண்ணுக்குள் கிடக்கும் இரும்பு என்ன ஆகும்? ஓட்டை விழுந்து மிச்ச எண்ணெய் மண்ணில் இறங்கினால் மண்ணைத் தோண்டி எடுத்து மாற்றவேண்டும், நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டால் செலவு லட்சம் டாலரைக்கூடத் தாண்டலாம். வீட்டுக் காப்பீட்டில் பெரும்பாலும் இதற்கு இடமில்லை. வீட்டோடு சேர்த்து அந்தத் தொட்டியையும் நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், மண்ணுக்குள் இருப்பதைத் தேடுவது சாதாரண ஹோம் இன்ஸ்பெக்‌ஷனில் சேர்த்தியே இல்லை. என் 2014 ஆள் இப்படி ஒரு மூலையைப் பார்த்துவிட்டு எழுதாமல் விட்டிருந்தாலும் அவர்மேல் விதிப்படி குற்றம் சொல்ல முடியாமல் போகலாம். இவரும் தொட்டி தேடவில்லை, அது என் வேலை இல்லை என்று தெளிவாகச் சொன்னார். யார் வேலை என்றும் சொன்னார். தன் வேலையின் எல்லை எங்கே முடிகிறது என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, அதற்கு முன் எல்லாம் தெரிந்தவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

விற்பவர் கொடுத்த படிவத்தில் நிலத்தடித் தொட்டி "எனக்குத் தெரிந்தவரை இல்லை". அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, அவரே 90-களில் வாங்கியவர். இரண்டு நாள் கழித்து தொட்டி தேடும் கம்பெனியிலிருந்து ஒருவர் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு வந்தார். 275 டாலர். வீட்டின் முன்னால், அசேலியாச் செடிக்குப் பக்கத்தில், இருபதே நிமிடத்தில் நாலு ஆரஞ்சு கொடி நட்டார். செவ்வகம். ஆறடிக்கு நாலடி இருக்கும். என் மனைவி காருக்குள்ளிருந்தே அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, குழி வெட்ட அளவு போட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

அட்டர்னி கடிதம் அனுப்பினார், விற்பவர் தன் செலவில் எடுக்கச் சம்மதித்தார். எடுத்த அன்று நான் போயிருந்தேன். அடிப்பக்கம் சல்லடை. தெருமுனை வரை ரேஷன் கடை மண்ணெண்ணெய் வாடை. சுத்தம் செய்து மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் கடிதம் வாங்க எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, எங்கள் வட்டி விகித லாக் (கடனுக்கு வங்கி உறுதிகொடுத்த வட்டியின் கெடு) முடிந்துகொண்டிருந்தது. ரத்து செய்துவிட்டோம். டெபாசிட் திரும்பி வந்தது. இன்ஸ்பெக்‌ஷன், ரேடான், கரையான், தொட்டித் தேடல் எல்லாம் சேர்த்து 1,165 டாலர் போனது. "வாங்காத வீட்டுக்கு ஆயிரத்துச் சொச்சமா?" என்று அம்மா போனில் அங்கலாய்த்தாள். அப்பா பின்னாலிருந்து, "டீயும் பரோட்டாவும்" என்றார்.

நாலு மாதம் கழித்து இன்னொரு வீடு, 1986-ல் கட்டியது. அதே ஆளைத்தான் கூப்பிட்டேன். அறிக்கை 58 பக்கம், படித்தால் தூக்கம் வராது: கூரைக்கு இரண்டு மூன்று வருஷம்தான் ஆயுள், டெக் கம்பங்கள் ஆடுகின்றன, ஏசி கிழம், ஒரு ஜன்னல் கண்ணாடிக்குள் பனி. என் மனைவி இதையும் விட்டுவிடலாம் என்றாள். நான் அவரிடம் நேரடியாகவே கேட்டேன், வாங்கலாமா? அதைச் சொல்வது என் வேலை இல்லை என்றார், எதிர்பார்த்ததுதான். ஆனால் அறிக்கையைப் புரட்டி, கூரைக்கு எதிரே ஒரு தொகை, டெக்குக்கு எதிரே ஒரு தொகை என்று பென்சிலால் தோராயமாக எழுதிக் காட்டினார். எல்லாம் தொகை எழுதக்கூடிய குறைகள். முந்தைய வீட்டின் செம்புக் குழாய்க்கு எதிரே யாரும் எதுவும் எழுதியிருக்க முடியாது.

ரேடான் மட்டும் 6.8 வந்தது. லிட்டருக்கு 4 பிக்கோகியூரி வந்தாலே சரிசெய்யச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம். மண்ணிலுள்ள யுரேனியம் சிதைந்து வரும் வாயு, நிறமில்லை, மணமில்லை. புகைபிடிப்பதற்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் இதுதான் என்கிறார்கள். இதெல்லாம் சும்மா காசு பிடுங்குவது என்று நம்மவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1984 டிசம்பரில் பக்கத்து பென்சில்வேனியாவில், லிமரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஒரு எஞ்சினியர் கதிர்வீச்சு அலாரத்தை அடிக்க வைத்தார். நிலையம் அப்போது இயங்கவே ஆரம்பிக்கவில்லை. தேடிப் போனால் கதிர்வீச்சு அவர் வீட்டிலிருந்து வருகிறது, வீட்டுக்குள் ரேடான் சுமார் 2,700! அந்தப் பாறைத் தொடர்தான் நியூ ஜெர்சியின் வடமேற்குப் பக்கமும் வருகிறது. இந்தச் சோதனைக்கு இங்கே தனிச் சான்றிதழ் வேண்டும், ஹோம் இன்ஸ்பெக்டர் லைசென்ஸ் மட்டும் போதாது, கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஜன்னல் கதவை மூடிவைத்துக் குறைந்தது 48 மணி நேரம் கருவியை வைக்கவேண்டும். எங்களுக்கு விற்பவர் 1,400 டாலர் கிரெடிட் கொடுத்தார். தரையில் துளை போட்டு ஒரு பிவிசி குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் ஃபேன் வைத்தார்கள். மறுசோதனையில் 0.9.

கொலுவில் இன்னொருவர் கேட்டார், எங்களுடையது புது வீடு, பில்டர் வீடு, ஊர் இன்ஸ்பெக்டரே வந்து ஓகே சொல்லிவிட்டாரே என்று. ஊர்க்காரர் பார்ப்பது கட்டட விதிகளை, அதுவும் ஒவ்வொரு கட்டத்துக்கும் கொஞ்ச நேரம். இங்கே புது வீட்டு வாரன்ட்டி பொதுக் குறைகளுக்கு ஒரு வருஷம், குழாய், வயரிங், ஹீட்டிங் இதற்கெல்லாம் இரண்டு வருஷம், பெரிய கட்டுமானக் குறைக்குப் பத்து வருஷம். முதல் வருஷம் முடியுமுன் பதினோராவது மாதத்தில் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பில்டர் வந்து செய்து கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

போன கோடையில் அப்பா வந்திருந்தார். நேராக பேஸ்மென்ட்டுக்குப் போய் மூலைகளையெல்லாம் பார்த்துவிட்டு, ரேடான் குழாய்மேல் கையை வைத்து அதிர்கிறதா என்று பார்த்தார். "அந்த ஆளை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடேன்" என்றார். இன்னும் கூப்பிடவில்லை. இந்தச் சனிக்கிழமை கட்டரில் இலை வாரவேண்டும், அறிக்கையில் 41-ம் பக்கம், சிவப்பு அம்புக்குறியோடு எழுதி வைத்திருக்கிறார்.